சாவி இல்லாத அறை

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கச் சந்து ஒன்றில் எங்களுக்குப் பதினான்கு அறை லாட்ஜ் இருக்கிறது. மாமனார் 1994இல் கட்டியது. அவருக்குப் பிறகு கணவர் பார்த்தார். அவருக்கு முட்டி போன பிறகு நான் பார்க்கிறேன். சாவி கொடுப்பது, சாவி வாங்குவது, ஆதார் நகல் எடுப்பது, வைத்தியத்துக்காக வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள் என்றால் பாஸ்போர்ட் நகல் எடுத்து 24 மணி நேரத்துக்குள் சி படிவம் ஏற்றுவது, மூன்றாம் மாடியில் தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவரைச் சமாதானம் செய்வது. பதினெட்டு வருடம் இப்படியே போயிற்று. இத்தனை காலத்தில் அடுத்தவர் விடுதியில் நான் தங்கியது திருமலையில் இரண்டே முறை. அதையும் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. அங்கே அறையில் இருந்ததைவிட வரிசையில் நின்ற நேரம்தான் அதிகம்.

மகன் நகோயாவில் வேலையில் இருக்கிறான். மூன்று வருடமாக வா வா என்று கூப்பிட்டான். போன நவம்பரில் நானும் என் நாத்தனாரும் கிளம்பினோம். நாத்தனார் குடியாத்தத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர், ஆனாலும் முறைக்கு என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். பதினோரு வருடமாகப் பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலை கிரிவலம், 14 கிலோமீட்டர், வெறுங்காலோடு. "கட்டடம் கட்டடமாகக் காட்டாதேடா, நடக்கிற மாதிரி ஏதாவது இருந்தால் சொல்" என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். "அப்படியென்றால் அத்தைக்கு நகசெண்டோதான் சரி" என்றான் அவன்.

அவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மூன்று இரவுக்கு மூன்று ஊரில் விடுதி பதிவு செய்து, பிளாஸ்டிக் உறையில் நான்கு தாள் போட்டுக் கொடுத்தான். வழிகாட்டி கிடையாது, கூட்டம் கிடையாது. முதல் மூன்று தாளில் எந்த ரயில், எங்கே இறங்குவது, எந்தப் பலகையைப் பார்த்துத் திரும்புவது. நான்காவது முழுக்க ஜப்பானிய எழுத்து. "விடுதிக்காரர்களிடம் காட்டுங்கள், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்."

நகசெண்டோவைப் பற்றி அவன் சொன்னதும் பிறகு நான் படித்ததும் இவ்வளவு. டோக்கியோவுக்கு அப்போது எடோ என்று பெயர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோகுகாவா ஷோகுன்கள், அதாவது பேரரசர் பெயரில் நாட்டை உண்மையில் ஆண்ட படைத்தலைவர்கள், எடோவிலிருந்து ஐந்து பெருவழிகளை ஒழுங்குபடுத்தினார்கள். கியோட்டோவுக்குப் போக அதில் இரண்டு வழி. கடலோரமாகப் போவது தோகாய்டோ. 53 சத்திர ஊர்கள். மலைக்குள் புகுந்து போவது நகசெண்டோ. 69 சத்திர ஊர்கள், சுமார் 530 கிலோமீட்டர். குதிரை மாற்றவும் கூலியாள் பிடிக்கவும் இரவு படுக்கவும் ஏற்பட்ட ஊர்கள் இவை. கிசோ பள்ளத்தாக்கில் மட்டும் 11 இருக்கின்றன. நாங்கள் நடந்தது அதிலும் சில துண்டுகள்தான். நகசெண்டோவை நடந்து முடித்தேன் என்று நான் பீற்றிக்கொள்வதாக யாரும் நினைக்க வேண்டாம்.

முதல் நாள் நகாட்சுகவா ரயில் நிலையத்தில் இறங்கி மகோமே வரைக்கும் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். நான்கு மணிக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. கெடுத்தது ஓர் இனிப்புக் கடை. அந்த ஊரில் இலையுதிர் காலத்தில் குரிகிந்தோன் என்று ஒன்று செய்கிறார்கள். செஸ்ட்நட் கொட்டையை வேகவைத்து மசித்து, சர்க்கரை சேர்த்துக் கிளறி, ஒவ்வோர் உருண்டையையும் துணியில் வைத்து முறுக்கி எடுக்கிறார்கள். துணியின் மடிப்பு அதன் தலையில் அப்படியே பதிந்திருக்கிறது. நெய் இல்லை, ஏலக்காய் இல்லை. ஆற்காட்டு மக்கன் பேடா தின்று வளர்ந்த வாய்க்கு முதல் கடி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது உருண்டையில்தான் பிடிபட்டது. ஐந்தாவதில் நேரமாகிவிட்டது.

வழியில் இருக்கும் ஒச்சியாய் என்ற சத்திர ஊரைத் தாண்டியதும் கல் பாவிய ஏற்றம் வருகிறது. 840 மீட்டர் நீளம். அதில் 70 மீட்டர் போல மட்டும் பழைய கல், மற்றது பிற்பாடு சரிசெய்தது. காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கல்லின்மேல் பாசி, பாசியின்மேல் ஈர இலை. என் காலணி வேலூரில் வாங்கியது, மழையைப் பற்றி அதற்கு அதிகம் தெரியாது. நடுவழியில் வழுக்கி உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டேன். நாத்தனார் கிரிவலக் காலோடு மேலே நின்றுகொண்டு, "அண்ணி, ஓரமாக வாருங்கள், மண்ணில் மிதித்து வாருங்கள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொன்னார். நவம்பரில் அங்கே ஐந்து மணிக்கே சூரியன் போய்விடுகிறது என்பதை மகன் தாளில் எழுதியிருந்தான். அடிக்கோடும் போட்டிருந்தான்.

மகோமே ஒரே தெருவாக மலைச் சரிவில் ஏறும் ஊர். ஓரத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, கீழே ஒரு நீர்ச்சக்கரம் சுற்றுகிறது. நாங்கள் சேர்ந்தபோது கடையெல்லாம் அடைத்திருந்தது. ஏற்றத்தின் நடுவில் ஒரு டார்ச் விளக்கு நின்றது. விளக்கைப் பிடித்திருந்தது எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா. மேலே ஏப்ரன், கீழே ரப்பர் பூட்ஸ். எங்கள் பெயரைக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அந்தத் தெருவில் வருவதற்கு வேறு யாரும் இல்லை. என் லாட்ஜுக்கு நள்ளிரவு ரயிலில் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள், காட்பாடியிலிருந்து ஆட்டோக்காரர் சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு, ஸ்ட்ரெச்சரில் படுக்கவைக்க வேண்டிய ஆளைத் தோளில் சாய்த்துக்கொண்டு. கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கு ஒருமுறைகூட நான் போனதில்லை. அந்த வெளிச்சத்தில் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது, கை எரிச்சல்கூட இல்லை.

உள்ளே போனதும் முதல் வேலை பாஸ்போர்ட் நகல். ஜப்பானில் குடியிருப்பு இல்லாத அயல்நாட்டார் என்றால் விடுதிக்காரர் நகல் எடுத்து வைத்தாக வேண்டும். அந்த அம்மா என் பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் கவிழ்த்து, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் ஓடி முடிகிறவரை நின்றார். மூடியை அழுத்தாவிட்டால் ஓரம் கறுப்பாக விழும். அது எனக்கும் தெரியும். அவர் நிமிர்ந்தபோது நான் சிரித்ததற்குக் காரணம் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நான்காவது தாளைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் படித்தார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கைப்பேசியில் மொழிபெயர்க்கச் சொல்லிக் காட்டினார். உணவு விவரத்துக்குக் கீழே மகன் எழுதியிருந்தான்: இவர்கள் என் அம்மாவும் அத்தையும். களைப்பாக இல்லை என்று சொல்வார்கள். நம்ப வேண்டாம்.

இந்தக் குடும்ப விடுதிகளை மின்ஷுகு என்கிறார்கள். எங்களுக்குக் கொடுத்தது எட்டு தத்தாமிப் பாய் விரித்த அறை. சுவர் என்று நான் நினைத்தது தள்ளும் கதவு. அதற்குப் பூட்டு இல்லை. சாவி எங்கே என்று விரலைத் திருகிக் கேட்டேன். அவர் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அவ்வளவுதான், என்றது போல. பக்கத்து அறையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. அவர்கள் பையின் ஜிப் இழுக்கும் சத்தம்கூட எங்களுக்குக் கேட்டது. நாத்தனார் கைப்பையைத் தலைமாட்டில் வைத்து, வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டுதான் படுத்தார். எனக்குத் தூக்கம் வர ஒரு மணி ஆயிற்று. என் லாட்ஜில் அறைக்குப் பூட்டு, பூட்டுக்கு மாற்றுச் சாவி, மாற்றுச் சாவி இருக்கும் பெட்டிக்குப் பூட்டு.

குளியல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், போகிறவர்களுக்கு உதவும். தொட்டியில் வெந்நீர் நிரப்பி வைத்திருப்பார்கள். வெளியே முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். அந்தத் தண்ணீர் எல்லாருக்கும் பொது. எழுந்து வரும்போது அடைப்பைப் பிடுங்கிவிடக் கூடாது. "அடுத்தவர் இறங்கிய தண்ணீரிலா?" என்றார் நாத்தனார். "கோயில் குளத்தில் இறங்கவில்லையா?" என்றேன். மூன்றாம் நாள் அவரை வெளியே வரவைக்க நான் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

இரவுச் சாப்பாடு ஆறு மணி என்றால் ஆறு மணி. ஆற்று மீனை நீந்துவது போலவே வளைத்துக் குச்சியில் குத்தி, உப்புத் தடவிச் சுட்டிருந்தார்கள். எனக்கு மீன் ஆகும். நாத்தனார் சைவம். ஜப்பானில் சைவத்துக்குச் சிக்கல் மீன் துண்டில் இல்லை, சாற்றில் இருக்கிறது. காய்ந்த மீனைச் சீவிப் போட்ட சாறுதான் குழம்புக்கும் சூப்புக்கும் அடி. மகன் தாளில் அதையும் சேர்த்திருந்ததால் அவருக்குத் தனியாக மலைக்கீரை பஜ்ஜி, டோஃபு, வேகவைத்த பூசணி. அதற்கு மேலும் அவர் பையிலிருந்து புளிக்காய்ச்சல் புட்டியை எடுத்தார். எங்கள் ஊர்க்காரர் எவரும் புளிக்காய்ச்சல் இல்லாமல் மலையேற மாட்டார்கள் என்பது என் கருத்து. அந்த அம்மா மோந்து பார்த்து, நுனி விரலில் தொட்டு நக்கி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார்.

மறுநாள் மகோமேயிலிருந்து சுமாகோவுக்கு எட்டு கிலோமீட்டர். இந்த வழி முழுவதிலும் அதிகம் பேர் நடக்கும் துண்டு இதுதான், நிஜமாகவே சுலபம். பெட்டியைச் சுமக்க வேண்டாம். காலை 11.30க்குள் சுற்றுலா அலுவலகத்தில் கொடுத்தால் மதியம் சுமாகோ அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஒரு பெட்டிக்கு ஆயிரம் யென் கொடுத்தோம். கணவாய் 800 மீட்டர் உயரம்தான், ஏலகிரியைவிடக் குறைவு. அதற்குப் பிறகு இறக்கமே. வழியில் அங்கங்கே கரடிக்காக மணி கட்டியிருக்கிறார்கள். நாம் வருவது தெரிந்தால் கரடி விலகிப் போய்விடும். நாத்தனார் ஒவ்வொரு மணியையும் அடித்துவிட்டு ஒரு நொடி கண்ணை மூடினார். யாரிடம் வேண்டினீர்கள் என்று கேட்டதற்கு, "கரடியிடம்தான்" என்றார்.

இருபுறமும் ஹினோகி மரம், நேராக, கிளையே இல்லாமல் மேலே போகிறது. அந்தக் காலத்தில் இந்தக் காட்டு மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டினால் ஒரு மரத்துக்கு ஒரு தலை என்று தண்டனை. ஜவ்வாது மலைச் சந்தனத்தின் கதை தெரிந்த நமக்கு அது அவ்வளவு தூரத்துச் செய்தி இல்லை. பாதி வழியில் ஒரு பழைய தேநீர் வீடு. அடுப்பில் கட்டை புகைகிறது, ஒரு பெரியவர் தேநீர் ஊற்றித் தருகிறார். விலை கிடையாது, விரும்பினால் பெட்டியில் போடலாம். பங்குனி வெயிலில் நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல் எதற்காகவோ அதற்காகவே அதுவும்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு ரி தூரத்திலும், ஒரு ரி என்பது நான்கு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைய, சாலையின் இரு பக்கமும் மண்மேடு எழுப்பி மேலே மரம் நட்டார்களாம். நடந்த தூரத்தைக் கணக்குப் பார்க்கவும் நிழலில் உட்காரவும். நாத்தனாருக்குச் சுமைதாங்கிக் கல் ஞாபகம் வந்தது. காவேரிப்பாக்கத்துப் பக்கம் சுமைதாங்கி என்றே ஓர் ஊர் இருக்கிறது. "வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போனவள் பேரில் நடுவார்கள், அண்ணி. அவள் இறக்கிவைக்காத சுமையை வருகிறவன் போகிறவன் இறக்கிவைத்தால் அவளுக்கு ஆறும் என்று." பிறகு கொஞ்ச தூரம் நாங்கள் பேசவில்லை.

சுமாகோ என்னைச் சங்கடப்படுத்திய ஊர். 1911இல் கிசோ பள்ளத்தாக்கு வழியாக ரயில் பாதை முழுமையானதும் நடந்து வருகிறவர்கள் நின்றுபோனார்கள்; ஊர் அப்படியே சோர்ந்து விழுந்தது. 1960களின் கடைசியில் ஊர்க்காரர்கள் பழைய வீடுகளைச் செப்பனிடத் தொடங்கினார்கள். 1971இல் ஒரு சாசனம் செய்துகொண்டார்கள்: விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே. 1976இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. பகலில் தெருவில் கார் வராது, மின்கம்பி கண்ணில் படாது. மரக் கிராதி வைத்த வீடுகள், கூரை விளிம்பில் தோல் சீவிய சீமைப் பனிச்சைப் பழங்கள் கயிற்றில் தொங்கிக் காய்கின்றன.

அந்த மூன்று கட்டளையையும் படித்துவிட்டு நான் தெருவில் நின்றேன். எங்கள் லாட்ஜ் இருக்கும் இடத்தில் 1993 வரைக்கும் ஓட்டு வீடு இருந்தது. வாசலில் இரு பக்கமும் திண்ணை, வழவழவென்று. நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் கேட்காமலேயே அதில் படுத்திருப்பார்கள். காலையில் மாமியார் ஒரு சொம்பு தண்ணீர் வைப்பார். அதை இடித்துத்தான் பதினான்கு அறை. மாமனாரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, அந்த வாடகையில்தான் மகன் ஜப்பான் வரைக்கும் போனான். ஆனால் அந்தத் திண்ணைக்கும் பூட்டு இருந்ததில்லை.

மூன்றாம் நாள் நாகிசோ வரை நடந்து ரயில் பிடித்து கிசோ ஃபுகுஷிமா போனோம். பெருவழிகளில் இருந்த நான்கு முக்கியச் சோதனைச் சாவடிகளில் ஒன்று அங்கே இருந்தது. இப்போது இருப்பது மறுபடி கட்டிய கட்டடம். சாவடியில் பார்த்தது இரண்டே விஷயம். எடோவை நோக்கித் துப்பாக்கி போகிறதா, எடோவிலிருந்து பெண் வெளியேறுகிறாளா. குறுநில மன்னர்களின் மனைவி மக்களை ஷோகுன் எடோவிலேயே பிணையாக வைத்திருந்தார். பெண்கள் நழுவினால் அடுத்து கலகம் என்று அர்த்தம். அதனால் பெண்களைச் சோதிக்கப் பெண்களையே வேலைக்கு வைத்து, தலைமுடியை அவிழ்த்துக்கூடப் பார்த்திருக்கிறார்கள். இத்தனைக்கும் இந்த வழிக்கு இளவரசிகள் வழி என்று பெயர். தோகாய்டோவில் பெரிய ஆறுகளைக் கடக்கும் ஆபத்து இருந்ததால் மலை ஏறினாலும் பரவாயில்லை என்று இதில் வந்திருக்கிறார்கள். 1861இல் பேரரசரின் தங்கை கசுனோமியா ஷோகுனை மணக்க இதே வழியில்தான் போனார். பாலாற்றங்கரைக்காரிகளான எங்களுக்கு ஆற்றைக் கடக்கப் பயந்து மலை ஏறுவது புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. "அந்தச் சோதனை பண்ணுகிற பொம்பளை வேலை உங்களுக்குப் பொருத்தமாக இருந்திருக்கும், அண்ணி" என்றார் நாத்தனார். ஆதார் இல்லாமல் வந்த அவருடைய சம்பந்தியை நான் அரைமணி நேரம் கல்லாவில் நிற்கவைத்ததை அவர் இன்னும் மறக்கவில்லை.

அன்றிரவு தங்கிய இடத்தில் சுன்கி என்று ஓர் ஊறுகாய் வைத்தார்கள். சிவப்பு டர்னிப்பின் தழையை உப்பே போடாமல் புளிக்கவைப்பது. மலைக்குள் இருந்த கிசோவில் உப்பு அருமையாக இருந்திருக்கிறது. உப்பில்லாத ஊறுகாயை நான் சிரித்துக்கொண்டே வாயில் போட்டேன். பழைய சோற்று நீராகாரத்தின் புளிப்பு, அதே புளிப்பு. நாத்தனார் மறுபேச்சில்லாமல் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கடைசி நாள் யாபுஹாராவிலிருந்து தோரி கணவாய் ஏறி நராய். கணவாய் 1197 மீட்டர். மகோமேயைவிட இது மூச்சு வாங்கும். ஆனால் ஆள் கூட்டம் இல்லை, எனக்கு இதுதான் பிடித்தது. மேலே ஓர் இடத்திலிருந்து ஒன்தாகே மலை தெரிகிறது, 3067 மீட்டர், உச்சியில் புதுப் பனி. அந்த மலை வரை போக முடியாதவர்கள் இங்கே நின்றே கும்பிட்டிருக்கிறார்கள். தோரி என்பது அதற்காக நட்ட வாசல். அதனால்தான் கணவாய்க்கு அந்தப் பெயர். நாத்தனார் செருப்பை, தவறு, காலணியைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அந்தக் குளிரில். நராய் ஒரு கிலோமீட்டர் நீளத் தெரு. அங்கே சாயங்காலம் ரயில் ஏறும்போது என் கால் என்னுடையதாக இல்லை.

கணக்கு கேட்பவர்களுக்கு: இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு சேர்த்து ஆளுக்கு ஓர் இரவுக்கு 10,000 யென்னை ஒட்டி ஆயிற்று. நம் பணத்தில் ஐந்தாயிரத்து ஐந்நூறுக்கு மேல். என் லாட்ஜில் ஒருவர் எட்டு நாள் இருக்கலாம். பல இடத்தில் ரொக்கம்தான், கையில் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். மகோமேயில் அந்த முதல் இரவு, நானும் விடுதிதான் நடத்துகிறேன் என்று கைப்பேசி வழியாகச் சொன்னேன். உங்கள் விடுதியில் இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார். சாப்பாடு கொடுப்பதில்லை, அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கொடுப்போம், அவர்களே சமைத்துக்கொள்வார்கள், மூன்று மாதம்கூட இருப்பார்கள், நோயாளிகள் என்றேன். இயந்திரம் அதை எப்படிச் சொன்னதோ, அவர் கொஞ்ச நேரம் என் தேய்ந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் மருந்து எடுத்து வந்தார்.

காலையில் கிளம்பும்போது பார்த்தேன். முந்தின இரவு நாங்கள் கழற்றிப் போட்ட சேறு படிந்த காலணிகள் துடைத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தன. குனிந்து திருப்ப வேண்டாம், அப்படியே காலை விட்டு இறங்கி நடக்கலாம். மற்ற இரண்டு ஊரிலும் இதே போல. அங்கே இது வழக்கமாம்.

ஊருக்கு வந்த மறுவாரம் ஒரு நாள் ராத்திரி கல்லாவைப் பூட்டிவிட்டு, மாடிப்படிக்குக் கீழே குவிந்து கிடந்த செருப்புகளை உட்கார்ந்து சோடி சேர்த்தேன். முப்பது சோடி இருக்கும். எல்லாவற்றையும் வாசலைப் பார்க்கத் திருப்பி வரிசையாக வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். காலையில் வந்ததும் காவலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, ராத்திரி யாரோ உள்ளே வந்து செருப்பையெல்லாம் எடுத்துப் பார்த்திருக்கிறான். நல்லவேளை, ஒன்றும் காணாமல் போகவில்லை. படிக்கட்டுக்குக் கீழே கேமரா போடச் சொல்லி ஐயாவிடம் சொல்லிவிட்டேன்."